கூரையில் ஒட்டிய காலண்டர்கள்

சாத்தூர்
2 ஜூலை 2024

அண்ணனுக்கு,

தங்கம் எழுதுகிறேன். நேற்று சாயங்காலத்திலிருந்து ஏழு தடவை போன் செய்துவிட்டீர்கள். எடுக்க மாட்டேன். போனில் பேசினால் பாதியிலேயே "லோடு ஏறுது, பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிடுவீர்கள். மறுநாள் கேட்டால் அப்படிச் சொல்லவே இல்லை என்பீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. கருப்பம்மாளிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் பிரசில் பைண்டிங் வேலை பார்க்கிறவள்தான். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் அவள்தான் என்பது உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. பதிலையும் அவளிடமே கொடுங்கள்.

நேற்று ஒன்றியக் கூட்டத்துக்கு நானும் கருப்பம்மாளும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மூன்று வருடமாக மனு கொடுத்து, பதினான்காவது பொருளாக எங்கள் பள்ளி வந்தது. "நடுவக்குளம் தொடக்கப்பள்ளி, தெற்கு வகுப்பறை மேற்கூரை மராமத்து" என்று கிளார்க் வாசித்தபோது கருப்பம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிர்த்தரப்பு உறுப்பினர் செல்லக்கனிகூட எழுந்து, "மூணு வருசமா இந்தப் பொருள் வருது, போகுது. பிள்ளைக தலையில விழுந்தாத்தான் கையெழுத்துப் போடுவீகளா?" என்று கேட்டார்.

அதற்கு எழுந்து பதில் சொன்னது யார்? "அது எங்க வார்டு. அங்கன என்ன நெலமைன்னு எனக்குத் தெரியும். அம்புட்டு அவசரம் ஒண்ணும் இல்ல. அடுத்த நிதி வரட்டும், பாத்துக்கிடலாம்." சொன்னது என் கூடப்பிறந்த அண்ணன். மேசையைத் தட்டினார்கள். நான் என்னை மறந்து "அண்ணே!" என்று கத்திவிட்டேன். டவாலி போட்ட பியூன் வந்து உட்காரச் சொன்னார். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது உங்களிடம் சொன்னேனா இல்லையா? கம்பி துருப்பிடித்து உப்பியிருக்கிறது, காரை பெயர்ந்து விழுகிறது என்று? நாற்பத்து மூன்று பிள்ளைகள் படிக்கிற பள்ளி. மொத்தமே இரண்டு அறை. நாலாவதும் ஐந்தாவதும் அந்தக் கூரைக்குக் கீழேதான் உட்காருகின்றன. அவசரம் இல்லை என்று எந்த வாயால் சொன்னீர்கள்? எழுதுங்கள்.

பொன்னுத்தங்கம்


சங்கையா ஆப்செட், திருத்தங்கல்
5.7.2024

தங்கத்துக்கு,

ஐம்பது வயதில் தங்கச்சிக்குக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். கருப்பம்மாள் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கவரை நீட்டுகிறாள், ஆட்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். என்னமோ வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி.

சபையில் நீ கத்தியது சரியா? தலைமையாசிரியை ஒருத்தி, அதுவும் கவுன்சிலரின் தங்கச்சி. வெளியே வந்ததும் நாலு பேர் என்னிடம், "என்ன அண்ணாச்சி, வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சியா?" என்று சிரித்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வந்த நிதி ஒரு பள்ளிக்கு மட்டும்தான். சேர்மன் தன் வார்டுப் பள்ளிக்குக் கேட்டார். நான் விட்டுக்கொடுத்தால் நடுவக்குளம் கீழத் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி தருவதாகச் சொன்னார். அந்தத் தெருப் பெண்கள் வெடி ஆபீஸில் பட்டாசு வேலை முடிந்து ஆறு மணிக்குத் திரும்பி, குடத்தோடு ஒரு மைல் நடக்கிறார்கள். அதுவும் உன் பிள்ளைகளின் அம்மாமார்தான். நான் எனக்கா கேட்டேன்?

இன்னொன்றும் இருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு விட்டுக்கொடுக்கவில்லை. பொறியாளர் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். பிப்ரவரி 14 தேதி போட்டது. அப்படியே எழுதுகிறேன்: "தெற்கு வகுப்பறை மேற்கூரை நல்ல நிலையில் உள்ளது. விரிசலோ நீர்க்கசிவோ காணப்படவில்லை. வகுப்பறை சிறப்பாகப் பராமரிக்கப்படுகிறது." நீயோ கம்பி தெரிகிறது என்கிறாய். அரசாங்கப் பொறியாளர் பொய் சொல்கிறாரா, நீ சொல்கிறாயா? எனக்கு இதுதான் அதிர்ச்சி. இப்போது நீ எழுது.

அய்யாதுரை


சாத்தூர்
9 ஜூலை 2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளியில் வைத்துத்தான் பிரித்தேன். அந்த மூன்று வரியைப் படித்ததும் எழுந்து தெற்கு வகுப்புக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன்.

பொறியாளர் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கூரையை மறைத்தது நான்தான்.

தை மாதம் காரைத் தூள் சத்துணவுத் தட்டில் விழ ஆரம்பித்தது. பிள்ளைகள் சோற்றைக் கிண்டிப் பார்த்துச் சாப்பிட்டன. ஆண்டு விழா வேறு வந்தது. உங்களிடம் வேஸ்ட் ஷீட் கேட்டேன், ஞாபகம் வருகிறதா? காலண்டரில் கலர் விலகிப்போன முருகன் படம், இரண்டு கட்டு, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினீர்கள். நோட்டுக்கு அட்டை போடவா என்று கேட்டீர்கள், நானும் சும்மா தலையாட்டிவிட்டேன். கூரையில் ஒட்டப்போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கருப்பம்மாளும் ஆறு அம்மாமாரும் வந்தார்கள். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து, மூன்று அடுக்காக ஒட்டினார்கள். சின்ன வயதிலிருந்து வெடிக்குக் குழாய் உருட்டிய கைகள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு குமிழி இல்லை. பிடிமானத்துக்காகச் சுவரிலும் ஒரு சாண் இறக்கி ஒட்டினார்கள். மூன்றாவது வாரம் பொறியாளர் வந்தார். அண்ணாந்து பார்த்து, "அழகா வச்சிருக்கீங்க டீச்சர்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, அண்ணே. டீ வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பின்னால் இருப்பதைத் தட்டிப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. மனுவில்தான் எல்லாம் எழுதியிருக்கிறோமே, படித்துவிட்டுத்தானே வந்திருப்பார் என்று நினைத்தேன்.

மூன்று வருடம் மனு எழுதிய கையாலேயே அதைக் குழிதோண்டிப் புதைத்திருக்கிறேன்.

மறு ஆய்வுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். அவர் வருவதற்குள் இரண்டு ஷீட்டையாவது கிழித்துக் காட்ட வேண்டும். அம்மாமாரைக் கூப்பிட்டால் ஒருத்தியும் கை வைக்க மாட்டேன் என்கிறாள். "சாமி படத்தக் கிழிக்கச் சொல்லுதீகளா டீச்சர்? அதுவும் ஆடி பொறக்கப் போகுது." நானே பெஞ்சு மேல் ஏறினேன். முருகன் முகத்துக்கு நேரே கை போனதும் எனக்கும் மனம் துணியவில்லை. இறங்கிவிட்டேன். சிரிக்காதீர்கள்.

நீங்கள் அடுத்த கூட்டத்தில் எழுந்து, அறிக்கை தவறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தங்கம்


திருத்தங்கல்
13.7.2024

தங்கத்துக்கு,

படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

யோசித்துப் பார். ஒவ்வொரு ஷீட்டின் அடியிலும் என்ன அச்சடித்திருக்கிறது? "சங்கையா ஆப்செட், திருத்தங்கல்." நம் அப்பா பெயர். பொறியாளர் வந்து அண்ணாந்து பார்த்தால் அதையும்தான் படிப்பார். செல்லக்கனி சும்மா இருப்பாரா? கவுன்சிலர் தன் பிரஸ் தாளைக் கொடுத்து, தங்கச்சியை விட்டு விரிசலை மறைத்துவிட்டு, அவசரம் இல்லை என்று சபையில் பேசினார், பதிலுக்குத் தொட்டி வாங்கினார் என்பார். கேட்கிறவர்கள் நம்பத்தான் செய்வார்கள். எனக்கே நம்பும்படியாக இருக்கிறது.

அதனால் கொஞ்சம் பொறு. மறு ஆய்வு மனுவைத் திரும்ப வாங்கிக்கொள். ஒரு மாதம் போகட்டும், நான் வேறு வழியில் நிதிக்கு ஏற்பாடு செய்கிறேன். அதற்குள் அந்தப் பெயர் இருக்கிற அடித்துண்டுகளை மட்டும் யாரையாவது வைத்து வெட்டி எடுத்துவிடு. சாமி படத்தைத் தொட வேண்டியதில்லை. பிள்ளைகளை வராண்டாவில் உட்கார வை.

இதை வெளியே பேசாதே. வீட்டில் உன் அண்ணிக்குக்கூட நான் சொல்லவில்லை.

அய்யாதுரை


சாத்தூர்
16 ஜூலை 2024

அண்ணனுக்கு,

இரண்டு தடவை படித்தேன், நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று. கூரை விழும் என்று எழுதுகிறேன், உங்களுக்குப் பெயர் விழுந்துவிடக் கூடாது என்ற கவலை. இது நீங்கள்தானா?

வெட்ட மாட்டேன். மனுவையும் வாங்க மாட்டேன். பிள்ளைகளை வராண்டாவுக்கு மாற்றிவிட்டேன், நீங்கள் சொல்லித்தான் அது எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. ஆனால் இந்தக் காற்றில் எத்தனை நாள்? மண்ணை அள்ளி முகத்தில் வீசுகிறது. நோட்டைப் பிடிப்பதா, கண்ணைக் கசக்குவதா? சாரல் அடித்தால் மறுபடி உள்ளேதான் போக வேண்டும். வடக்கு அறையில் சின்னப் பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை.

அப்பா பெயர் என்கிறீர்கள். அந்தப் பெயரை நானும்தான் இனிஷியலாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவேட்டில் அதைப் போட்டுத்தான் கையெழுத்திடுகிறேன்.

ஐந்து வருடக் கவுன்சிலர் நீங்கள். கொடியேற்ற வந்தீர்கள், மிட்டாய் கொடுத்தீர்கள், போனீர்கள். ஒருநாளாவது அந்த வகுப்புக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்ததுண்டா? ஒரு தடவை வாருங்கள். கூரைக்குக் கீழே ஐந்து நிமிடம் நில்லுங்கள். அதற்குப் பிறகும் பொறு என்று சொல்ல முடிந்தால் நான் பொறுத்துக்கொள்கிறேன்.

தங்கம்


திருத்தங்கல்
24.7.2024

தங்கத்துக்கு,

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டும். ஆர்டர் பிடிக்க வெளியூர் ஏஜென்ட்டுகள் வந்து குவிந்திருக்கிறார்கள். மூச்சுவிட நேரமில்லை. உன் கடிதம் எட்டு நாளாகச் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

நீ சொன்னதை யோசித்தேன். வந்து பார்க்கிறேன். வாரநாளில் வந்தால் கூட்டம் கூடும், கேள்வி வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீ சாத்தூரிலிருந்து மெனக்கெட வேண்டாம். சாவி கருப்பம்மாளிடம்தானே இருக்கிறது? அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அய்யாதுரை


சாத்தூர்
1 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

ஆஸ்பத்திரியில் பேச முடியவில்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே இருந்தீர்கள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். இமை துடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி அழுதுகொண்டிருந்தார்கள். அதனால் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கருப்பம்மாள் போனில் அலறினாள். "டீச்சர், கூரை விழுந்திருச்சு. அண்ணாச்சி உள்ள கெடக்காக." பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்து வந்தேன். அதற்குள் உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வகுப்பு முழுக்கப் புழுதி. கம்பிகள் எலும்பு மாதிரி தொங்கின. முருகன் படங்கள் கொத்தாகத் தரையில் கிடந்தன. சத்துணவு ஆயா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நடந்தார்.

வெள்ளிக்கிழமை சாரல் அடித்ததால் பிள்ளைகளை நான் உள்ளே மாற்றியிருந்தேன். பைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், பெஞ்சுகள் உள்ளேதான் இருந்தன. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு இருபத்தோரு பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை அவசரக் கூட்டம் போட்டார்கள். பத்து நிமிடத்தில் நிதி ஒதுக்கிவிட்டார்கள். அதே பொறியாளர், "உடனடியாக இடித்து அகற்றப்பட வேண்டிய நிலை" என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். நாற்பத்து மூன்று பிள்ளைகளின் தலைக்கு மூன்று வருடமாகக் கிடைக்காத அவசரம், உங்கள் ஒரு தோளெலும்புக்கு இரண்டு நாளில் கிடைத்துவிட்டது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை நடுவக்குளம் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பத்தடி உயர பிளெக்ஸ். அதில் நீங்கள் கைகூப்பிச் சிரிக்கிறீர்கள். "பள்ளிப் பிஞ்சுகளுக்காகத் தன் உயிரையே பணயம் வைத்த எங்கள் அண்ணாச்சியே!" பிள்ளைகள் அதைச் சத்தமாக எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தன. எனக்கு உச்சரிப்பைத் திருத்தக்கூடத் தோன்றவில்லை.

ஏனென்றால் என் மேசை இழுப்பறையில் பதினொரு தாள் துண்டுகள் இருக்கின்றன. இடிபாட்டிலிருந்து கருப்பம்மாள் பொறுக்கிக் கொடுத்தவை. கட்டர் பிளேடால் நேராக வெட்டியவை. ஒவ்வொன்றிலும் "சங்கையா ஆப்செட், திருத்தங்கல்" என்று இருக்கிறது. நீங்கள் கூரையைப் பார்க்க வரவில்லை. பெயரை வெட்டி எடுக்க வந்திருக்கிறீர்கள். வருகிறேன் என்று எழுதியதைப் படித்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அந்தக் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் காட்டி, "எங்க அண்ணன் எங்க அண்ணன்தான்" என்று வேறு சொன்னேன்.

கருப்பம்மாள் துண்டுகளை என் கையில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு உங்கள் பிரசில் வேலை. அவளும் பேச முடியாது, கூடப்பிறந்தவள் நானும் பேச முடியாது. இப்படி எங்கள் எல்லார் வாயையும் அடைத்துவிட்டு நீங்கள் பிளெக்ஸில் சிரிக்கிறீர்கள்.

தங்கம்


திருத்தங்கல்
9.8.2024

தங்கம்,

இடக்கையால் எழுதுகிறேன். எழுத்து கோணும். நான் சொல்லச் சொல்லத் தான் எழுதித் தருவதாக மகள் சொன்னாள். பெற்ற மகளிடம் இதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

நீ எழுதியது சரி. பெயருக்குத்தான் வந்தேன். கருப்பம்மாளிடம் சாவி வாங்கி, அவளை வீட்டுக்குப் போகச் சொன்னேன். பிரசிலிருந்து ஏணியை வேனில் கொண்டுவந்திருந்தேன். ஷீட் மேல் ஷீட் ஏற்றி ஒட்டியதில் மற்ற இடத்தில் பெயர் மறைந்துவிட்டது. சுவரில் இறக்கி ஒட்டிய கடைசி வரிசையில் மட்டும் தெரிந்தது. பதினான்கு. ஒவ்வொன்றாக அறுத்தேன்.

அந்தப் பெண்கள் சுவரில் ஒரு சாண் இறக்கி ஒட்டியது பிடிமானத்துக்கு என்று நீ எழுதியிருந்தாய். நான் அதைப் படித்தும் மனதில் வாங்கவில்லை. உள்ளே காரை முழுவதும் கழன்று, தாளின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. தாளையும் பசையையும் வைத்து ஒரு கூரையைத் தாங்கியிருக்கிறார்கள் ஏழு பெண்கள். அதன் பிடியை நான் ஓரமாக அறுத்துக்கொண்டே போனேன். பதினொன்றாவதை அறுத்ததும் மேலே நெறுநெறுவென்று சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். நீ பார் பார் என்றாயே, அப்போதுதான் பார்த்தேன்.

கீழே கிடந்தபோது எனக்கு நேரே ஒரு சின்ன பெஞ்சு. நடுவில் இரண்டாக முறிந்திருந்தது. அதற்கு அடியில் ரோஸ் கலர் தண்ணீர் பாட்டில், நசுங்கி, தண்ணீர் என் பக்கமாக ஓடிவந்தது. யாரோ பிள்ளை மறந்துவிட்டுப் போனது. வலியில் கத்தவில்லை நான். அந்த பாட்டிலைப் பார்த்துத்தான் கத்தினேன்.

எல்லாரும் வந்து மாலை போடுகிறார்கள். நம் கட்சிக்காரன் ஊர்க்காவலனிடம் மட்டும், உண்மையைச் சபையில் சொல்லிவிடப்போகிறேன் என்றேன். பதினைந்து வருடமாக எனக்கு எலெக்‌ஷன் வேலை பார்க்கிறவன். பதறிவிட்டான். "ஏண்ணாச்சி, கிறுக்குப் பிடிச்சிருச்சா? ஊரே தூக்கி வச்சுக் கொண்டாடுது. சும்மா இருங்க." அது எனக்குப் பெரிதில்லை. அடுத்து அவன் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. "நீங்க அறுத்துத்தான் விழுந்துச்சுன்னு ஆகிப்போனா, கட்டடம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லுவாக. விசாரணை வைப்பாக. நிதிய நிறுத்துவாக. பொறவு இன்னும் மூணு வருசம்."

அவன் சொல்வது நடக்கும். அந்தச் சபையை எனக்குத் தெரியும், நானே அப்படித்தான் பேசுவேன். பேசினால் பிள்ளைகளுக்குக் கூரை இல்லை. பேசாமல் இருந்தால் நான் மனிதன் இல்லை. பன்னிரண்டாம் தேதி கூட்டம். நீ சொல். என்ன சொன்னாலும் செய்கிறேன்.

அண்ணன்


சாத்தூர்
11 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

உங்கள் கோணல் எழுத்தைப் படித்து அழுதேன். கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

நாளைக்கு வாயைத் திறக்காதீர்கள்.

பழைய கூரையை இடிக்கட்டும். புதுக் கம்பி கட்டட்டும். கான்கிரீட் போட்டு, தண்ணீர் கட்டி, அது இறுகட்டும். முட்டுக் கொடுத்த பலகையைப் பிரித்த பிறகு யாராலும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியாது. அதற்கு மறுநாள் காலை பிரேயருக்கு வாருங்கள். சபையில் வேண்டாம், அங்கே எல்லாவற்றையும் ஓட்டாக மாற்றிவிடுவார்கள். புதுக் கூரைக்குக் கீழே பிள்ளைகளும் அம்மாமாரும் இருப்பார்கள். அவர்கள் முன்னால் சொல்லுங்கள். முதலில் நான் எழுந்து, மறைத்தது நான்தான் என்று சொல்வேன். அடுத்து நீங்கள். அப்புறம் சபைக்கும் எழுதிக் கொடுங்கள், பதவி போனால் போகட்டும்.

அதுவரைக்கும் மாலை போட்டால் கழுத்தை நீட்டுங்கள். அந்த பிளெக்ஸையும் கழற்றச் சொல்லாதீர்கள். தினமும் பிரசுக்குப் போகும்போது அந்த விலக்கு வழியாகச் சுற்றி, அதைப் பார்த்துக்கொண்டே போங்கள். உங்களுக்கு நான் கொடுக்கிற தண்டனை இதுதான். அண்ணன் என்று பார்த்துக் குறைக்க எனக்கு மனது வரவில்லை.

கருப்பம்மாள் வேலைக்கு ஒன்றும் வரக்கூடாது. முறிந்துபோன பெஞ்சு யாருடைய இடம் என்று எனக்குத் தெரியும். நான் எழுத மாட்டேன். கேட்க வேண்டியவர்களிடம் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

துண்டுகளை வருகைப் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறேன். தோளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணியிடம் சுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

தங்கம்


திருத்தங்கல்
19.11.2024

தங்கத்துக்கு,

பலகை பிரித்துவிட்டார்கள் என்று உன் சீட்டு வந்தது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுவேன். வெள்ளைச் சட்டை போடவில்லை. பிரசில் போடுகிற சட்டையோடு வருகிறேன்.

நூறு நாளாக அந்த பிளெக்ஸைப் பார்த்துவிட்டேன். வெயிலில் என் முகம் வெளுத்துவிட்டது, வாசகம் மட்டும் வெளுக்கவில்லை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். டீக்கடைக்காரர் காசு வாங்க மாட்டேன் என்கிறார். உன் தண்டனை எப்படிப்பட்டது என்று அன்றைக்குப் படித்தபோது எனக்குப் புரியவில்லை.

நாளைக்கு எல்லாருக்கும் முன்னால் சொல்வதற்குள் ஒருத்தியிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இன்று மத்தியானம் சாப்பாட்டு பெல் அடித்ததும் பைண்டிங் பக்கம் போனேன். கருப்பம்மாள் தாள் மடித்துக்கொண்டிருந்தாள். உன் கடிதத்தையும் என் கடிதத்தையும் இத்தனை நாளாகச் சுமந்தவள். ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை, பசை ஒட்டியது ஒட்டியபடியே வரும்.

"கருப்பம்மா, அன்னைக்கு நான் கூரையைப் பாக்க வரல. பேர அறுக்க வந்தேன்" என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும் மொதலாளி. துண்டப் பொறுக்குனது நாந்தான" என்றாள்.

"தெரிஞ்சுமா இம்புட்டு நாளும் பேசாம இருந்த?"

"நீங்களாச் சொல்லுவீகளான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

திரும்பி நடந்தவன், நீ எழுதியது ஞாபகம் வந்து நின்றேன். அந்த முறிந்த பெஞ்சு யாருடையது, ரோஸ் கலர் பாட்டில் யாருடையது என்று கேட்டேன். அவள் அப்போதுதான் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

"எம் மக பானுப்பிரியா பாட்டிலு அது. நீங்க போன வருசம் கொடியேத்த வந்தப்ப, ஓட்டப் பந்தயத்துல செயிச்சாள்னு உங்க கையால குடுத்தீக."

நாளை வருகிறேன், தங்கம்.

அண்ணன்